சிவப்பு மாத்திரையும் விலை உயர்ந்த டப்பாவும்

(சிவகாசிக்கு அருகே எம். புதுப்பட்டியில் கர்ப்பிணிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த நிகழ்ச்சியில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாள் தள்ளிப்போய் முதல் பரிசோதனைக்கு வரும் பெண்ணோ, அவள் கூட வரும் அம்மாவோ என்னிடம் தவறாமல் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துடக் கூடாது டாக்டரம்மா. பணம் போனாப் போகுது, நல்ல சத்து மாத்திரையா எழுதிக் குடுங்க." இந்தப் பேச்சில் இருக்கும் பாசத்தை நான் மதிக்கிறேன். வாரக் கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்கிறார்கள். அதனாலேயே அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் வரும் ஆபத்தைத் தடுக்கும் என்று நிரூபணமான சத்து மாத்திரைகள் மிகக் கொஞ்சம். அவை எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சரியான மாதத்தில், சரியான வேளையில், விடாமல் சாப்பிட்டால் அவை வேலை செய்யும். மருந்துக் கடை அலமாரியில் பளபளக்கும் மற்ற டப்பாக்களில் பெரும்பாலானவை நம் ஆசைக்கு விலை வைத்திருக்கின்றன. சிலவற்றால் கேடும் உண்டு. எது எந்த வகை என்பதை இன்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய சம்பவம் ஒன்று. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நூற்பாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியால் வருகிறதா, வேறு நோயா என்று பலரும் தேடிக்கொண்டிருந்தபோது, லூசி வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய்கறியும் பழமும் எட்டாத வீடுகளில்தான் இந்த நோய் அதிகம் என்பது தெரிந்தது. பிறகு நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் அன்று கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கிய இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்தச் சோகை குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941இல் அமெரிக்காவில் விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து, வடித்து, அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் ஆசிட். இன்று நர்சம்மா உங்கள் கையில் கொடுக்கும் சின்ன மாத்திரை, ஆலையில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளின் உடம்பிலிருந்து கற்ற பாடம். உங்களைப் போல ஆலையில் உழைக்கும் பெண்களுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டு அதை வாங்குங்கள்.

அந்த ஃபோலிக் ஆசிட்டுக்கு இன்னொரு பெரிய வேலை இருப்பது பிற்பாடு தெரிந்தது. கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். அது சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகில் பிளவோடு பிறக்கும், அல்லது மண்டையோடும் மூளையும் வளராமல் பிறந்து இறந்துபோகும். முன்பு இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மாரைக் கொண்டு ஏழு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1991இல் வெளிவந்தது. கரு உண்டாகும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. மறுவருஷம் ஹங்கேரி நாட்டில் நடந்த ஆய்வு, முதல் குழந்தைக்கும் இந்தக் காப்பு உண்டு என்று காட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு. நாள் தள்ளி, சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்து, மாமியாரிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் ஆறு, ஏழு வாரம் ஓடிவிடும். அதற்குள் அந்தக் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் போயிருக்கும். அதனால் தை மாதமோ வைகாசியோ, கல்யாணம் முடித்துக் குழந்தைக்குத் தயாராகும்போதே ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும். தினம் 400 மைக்ரோகிராம் போதும். மூன்றாம் மாதம் முடியும்வரை விடக் கூடாது. முன்பு அப்படிக் குறையோடு குழந்தை பிறந்தவர்களும், வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு அளவு கூடும். பெண்ணுக்குச் சீர்வரிசை அடுக்கும் தாய்மார்கள் இந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள். கடையில் வாங்கினாலும் விலை சில ரூபாய்தான்.

அடுத்து இரும்புச்சத்து. இதில் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் நம் ஊரின் பெரிய பிரச்சினை இதுதான். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுவதற்கும் 52.2 சதவீதம். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதில் நாட்டுக்கே முன்னோடியான மாநிலத்தில், இரண்டு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு ரத்தம் போதவில்லை. கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மாத்திரை வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வயிற்றுக்குத்தான் போகவில்லை.

ஒரு பெண்ணின் பையைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் மாதம். ஃபயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலையில் சரவெடி பின்னும் வேலை. படியேறி வந்து உட்கார்ந்தவளுக்கு மூச்சு வாங்கியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்த துணி மாதிரி இருந்தது. ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், 8 கிராம். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னாள். கொண்டுவந்த மஞ்சள் பையை மேஜை மேல் கொட்டச் சொன்னேன். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி நம்பர் எழுதிய அட்டை. இரும்புச்சத்துக்கான சிவப்பு மாத்திரை அட்டைகள், ஒன்றில் மட்டும் இரண்டு பொத்தல். பிரிக்காத கால்சியம் மாத்திரை. அதோடு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா, அடியில் கரண்டி தட்டும் அளவுக்குச் சுரண்டித் தின்றிருந்தாள்.

"ஏன் தாயி, சிவப்பு மாத்திரையைத் தொடவே இல்லையே?" என்றேன்.

"அதைத் தின்னா வாயெல்லாம் இரும்பு வாடை அடிக்குது டாக்டரம்மா. காலையில வேன் ஏறுறதுக்கு முன்னாடி வெறும் வயித்துல போட்டா கொமட்டுது. அப்புறம் ஆபீஸ்ல டீ குடிக்கையில போட்டுப் பார்த்தேன். வெளிக்குக் கறுப்பாப் போகவும் பயந்துபோய் விட்டுட்டேன்."

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை குமட்டும். டீயோடு சாப்பிட்டால் டீயில் உள்ள துவர்ப்பு அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. வெளிக்குக் கறுப்பாகப் போவதும் உண்மைதான், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உடம்பில் சேராத இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான். அவளிடம் வேளையை மாற்றச் சொன்னேன். இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது சிவப்பு மாத்திரை. வாயில் வாடை தெரிவதற்குள் தூக்கம் வந்துவிடும். கூட ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ, எலுமிச்சைச் சாறோ எடுத்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். டீயும் காப்பியும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். கூட வந்திருந்த அவள் மாமியார், "நான் குடுக்குறேன், நீங்க கவலைப்படாதீக" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ரத்தம் ஏறியது. நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்று. அந்த வீட்டில் சோகையைத் தீர்த்தது அந்த மாமியாரின் கைதான் என்பேன்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கின்றன. கர்ப்பிணிக்கு ரத்தம் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. அப்போது தினம் இரண்டு மாத்திரை, மாதா மாதம் ரத்தச் சோதனை. மாத்திரையால் ஏறவில்லை என்றாலோ, நாள் குறைவாக இருந்தாலோ நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றுவார்கள். 7க்குக் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். நான்காம் மாதத்துக்கு மேல் ஒருமுறை பூச்சி மாத்திரையும் கொடுப்பார்கள். கொக்கிப்புழு குடித்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு இரும்பு சாப்பிட்டும் பயனில்லை.

சிலருக்குச் சாம்பல் தின்னத் தோன்றும். செம்மண், பச்சரிசி, கற்பூரம் என்று நாக்கு தேடும். முந்தானையில் அடுப்புச் சாம்பலை முடிந்து வைத்திருந்து, நான் பார்த்ததும் மறைத்த பெண் உண்டு. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இரும்புச்சத்து குறைந்த உடம்பு பலசமயம் இப்படிக் காட்டும். அதட்டாமல் ரத்தச் சோதனைக்கு அழைத்து வாருங்கள்.

"முருங்கைக் கீரையும் கருப்பட்டியும் பேரீச்சம்பழமும் தின்னாப் போதாதா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். எல்லாம் நல்ல உணவு, விடவே கூடாது. ஆனால் ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக 1,000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு தேவைப்படுகிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். அதனால் சாப்பாடும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்பதும், பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பதும் வெறும் பயம். பிள்ளையின் நிறம் அம்மா அப்பாவிடமிருந்து வருவது. அதை இரும்பும் மாற்றாது, குங்குமப்பூவும் மாற்றாது.

சோகையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? பிரசவத்தில் எல்லாப் பெண்ணுக்கும் உதிரம் போகும். ரத்தம் 11, 12 உள்ளவள் அரை லிட்டர் போனாலும் தாங்கிக்கொள்வாள். 7 உள்ளவளுக்கு அதே அரை லிட்டர் உயிருக்கு உலை. சோகை உள்ள தாய்க்குக் குறைமாதத்தில் பிறப்பதும், எடை குறைந்து பிறப்பதும் அதிகம்.

இன்னொரு காரணத்தை இந்த விருதுநகர் மாவட்டத்தில் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். 2018 டிசம்பரில் நாம் எல்லோரும் பதறிப்போன செய்தி. சோகைக்காகச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு கர்ப்பிணிக்கு, அந்த ரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றிவிட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அந்தப் பெண்ணின் மீது எள்ளளவும் குற்றமில்லை. தானமாக வரும் ரத்தத்தைச் சோதித்துத் தருவது அரசின் பொறுப்பு, அதில் நடந்த தவறு விசாரிக்கப்பட்டது, நீதிமன்றம்வரை போனது. ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் பயந்து மறுத்துவிடாதீர்கள், மறுத்தால் உயிர் போகும். நான் சொல்ல வருவது வேறு. இன்னொருவர் ரத்தம் தேவைப்படும் நிலை வராமலே பெரும்பாலான பெண்களைக் காக்க முடியும். நான்காம் மாதத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரை அதைச் செய்யும். எட்டாம் மாதத்தில் அவசரமாக எதைச் செய்தாலும், அதில் கொஞ்சமாவது ஆபத்து இருக்கும்.

இதோடு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இரும்பு மாத்திரை இனிப்புப் பூச்சோடு மிட்டாய் போல இருக்கும். குழந்தைகள் அள்ளித் தின்றால் ஈரல் கெட்டு உயிரே போகும். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் பள்ளி மாணவிகள் போட்டி போட்டு இந்த மாத்திரைகளை விழுங்கியதில் ஒரு சிறுமி இறந்துபோனாள். மூத்த குழந்தை இருக்கும் வீட்டில் மாத்திரையை எட்டாத உயரத்தில், மூடிய டப்பாவில் வையுங்கள்.

மூன்றாவது கால்சியம். கர்ப்பிணிக்கு பிரஷர் ஏறி, யூரினில் உப்பு என்று சொல்லும் புரதம் போய், கடைசியில் வலிப்பு வருகிறதே, ஊரில் ஜன்னி என்கிறார்களே, அதைத் தடுப்பதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. பாலும் கேழ்வரகும் கீரையும் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு இதனால் பயன் அதிகம். அரசு வழிகாட்டுதல்படி 14ஆம் வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை, வேளைக்கு 500 மில்லிகிராம். எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதைப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையமும் தான்சானியா நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் 11,000 தலைப்பிள்ளைக்காரப் பெண்கள். பாதிப்பேருக்குத் தினம் 500 மில்லிகிராம், மீதிப்பேருக்கு 1,500. முடிவு 2024 ஜனவரியில் வெளிவந்தது. இந்தியாவில் 500 சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும், 1,500 சாப்பிட்டவர்களில் 3.6 சதவீதம் பேருக்கும் அந்த பிரஷர் நோய் வந்தது. கூடச் சாப்பிட்டதால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. எனவே அளவுக்கு மேல் வாங்கி விழுங்காதீர்கள். இரண்டு வேளையில் ஒரு வேளை தவறிவிட்டால் அடியோடு நிறுத்தியும் விடாதீர்கள்.

கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ஒன்று மற்றொன்றைச் சேரவிடாது. காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். ஆபீஸுக்குக் கொண்டுபோகும் தூக்குச் சட்டியோடு ஒரு மாத்திரையை மடித்து வைத்துக்கொண்டு, மத்தியானம் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பாட்டோடு ஒன்று. ராத்திரி படுக்கும்போது இரும்பு. மூன்று வேளைக்கு மூன்று மாத்திரை, மனப்பாடமாகிவிடும்.

ஆனால் கால்சியம் சாப்பிடுகிறோமே என்று பிரஷர் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். எல்லா பிரஷரையும் மாத்திரை தடுத்துவிடாது. ஒவ்வொரு பரிசோதனையிலும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதும், யூரினில் உப்பு பார்ப்பதும்தான் உங்களைக் காக்கும். முன் பிரசவத்தில் பிரஷர் வந்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மூன்றாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். சிலருக்குச் சிறு அளவு ஆஸ்பிரின் மாத்திரை தொடங்குவோம். 16ஆம் வாரத்துக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். அது மருத்துவர் பார்த்து எழுத வேண்டியது, கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது.

நிரூபணமான பட்டியல், சமையலில் போடும் அயோடின் உப்பையும் சேர்த்து, இவ்வளவுதான். இனி, நல்லது என்று எல்லோரும் நம்பி, சோதித்தபோது பொய்த்துப் போனவற்றைச் சொல்கிறேன்.

பிரஷரைத் தடுக்கும் என்று வைட்டமின் சி, ஈ இரண்டையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் 2,400 பெண்களுக்கு மேல் சேர்ந்த ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. பிரஷர் குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. அது வசதியான நாடு, சத்துக் குறைந்த நாட்டில் பலன் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் நாடுகளில் சோதித்தது. 2009இல் வந்த முடிவும் அதுவே. பிரஷர் குறையவில்லை. நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடுங்கள், 1,000 மில்லிகிராம் சி மாத்திரை தேவையில்லை.

புரோட்டீன் பவுடர். அதிகப் புரதம் கொண்ட மாவுகளைக் கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. சத்துக் குறைந்த தாய்மாருக்கு அது சொல்வது, ஆற்றலும் புரதமும் சரியான விகிதத்தில் கலந்த உணவு. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அந்த வகைதான். ஒரு டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துக்குத் தினம் ஒரு முட்டையும், கைப்பிடி நிலக்கடலையும், சுண்டலும், வாரம் ஒருநாள் நெத்திலியும் வாங்கலாம். கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் நம் கரிசல் மண்ணிலேயே விளைபவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி வருகிறதே, அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. அதில் வரும் பேரீச்சையும் இரும்பு டானிக்கும் மாவும் கர்ப்பிணியின் பங்கு. வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்க வந்தவை அல்ல.

கரு தங்குவதற்கு என்று எல்லோருக்கும் ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் போடும் பழக்கமும் இருக்கிறது. இங்கே ஒரு வரலாற்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1940களில் டி.இ.எஸ். என்ற ஹார்மோன் மாத்திரையைக் கருச்சிதைவு தடுக்கும் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களுக்குக்கூட, பிள்ளை திடமாகப் பிறக்கும் என்று கொடுத்தார்கள். 1953இல் சிகாகோவில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தபோது பலனே இல்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் பல வருஷம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1971இல், வயிற்றில் இருந்தபோது அந்த மாத்திரைக்கு ஆளான பெண் குழந்தைகள் வளர்ந்து, சின்ன வயசிலேயே பிறப்புறுப்பில் அபூர்வமான புற்றுநோய்க்கு ஆளாவது தெரியவந்தது. "நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது" என்று மாத்திரை கொடுப்பவர்களுக்கு இதைவிட வலிமையான பதில் எனக்குத் தெரியாது.

இன்று கொடுக்கும் புரொஜெஸ்ட்ரோன் அந்த மருந்து அல்ல, அதற்கு உரிய இடம் உண்டு. பிரிட்டனில் ஆரம்ப மாதங்களில் உதிரம் பட்ட 4,000 பெண்களுக்கு மேல் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நிச்சயமான பலன் தெரியவில்லை. முன்பு பலமுறை கலைந்து, இப்போதும் உதிரம் படும் பெண்களுக்குப் பலன் தெரிந்தது. ஆக, யாருக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. பக்கத்து வீட்டு மதினி போட்டுக்கொண்டார் என்று கேட்டு வாங்குவதற்கில்லை.

கேடு செய்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஏ மாத்திரை தினம் 10,000 யூனிட்டுக்கு மேல் போனால் ஆரம்ப மாதங்களில் குழந்தைக்கு உறுப்புக் குறை வரலாம். இரண்டு மூன்று டானிக்கை ஒன்றாகச் சாப்பிடும்போது அளவு தெரியாமல் கூடிவிடும். ஆட்டு ஈரலிலும் அது மிக அதிகம், அதனால் முதல் மூன்று மாதம் ஈரல் வேண்டாம், அப்புறமும் தினமும் வேண்டாம். சோகைக்குச் சுவரொட்டி சாப்பிடலாம், நன்றாக வேகவைத்து. 2011, 2012இல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தார்கள், அவற்றில் ஈயம் இருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அரசு சித்த மருத்துவர் கொடுப்பதை அவர் சொன்னபடி சாப்பிடுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். பெயரும் உரிமமும் இல்லாத லேகியம், பஸ்பம், சூரணம் எதையும் கர்ப்பத்தில் தொடாதீர்கள்.

ஃபயர் ஆபீஸ் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டாசு மருந்துத் தூள் படும் வேலையின் கெடுதலைச் சத்து மாத்திரை எதுவும் ஈடுகட்டாது. நாள் தள்ளியதும் ஃபோர்மேனிடம் சொல்லி, மருந்து கலக்கும், அடைக்கும் இடத்திலிருந்து விலகி, குழாய் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது போன்ற காகித வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றி, குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஃபோர்மேன்கள் இங்கே இருந்தால் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பிணி இடம் மாற்றிக் கேட்டால் கூலியைக் குறைக்காதீர்கள். பரிசோதனை நாளில் அரைநாள் விடுங்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. அதைக் கேட்பது சலுகை கேட்பதல்ல, உரிமை.

மருந்துக் கடைக்காரத் தம்பிகளே, கர்ப்பிணி வந்து நின்று "சத்துக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால், முதலில் சிவப்பு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். கணவன்மார்களே, டப்பா வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் கடமை தீர்ந்துவிடாது. ராத்திரி அந்த மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள். பிள்ளை உங்களுக்கும்தானே. மாமியார்களே, கர்ப்பிணி கடைசியாக மிச்சம் மீதியைச் சாப்பிடும் வழக்கத்தை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள். அவள் தட்டில் முதலில் விழட்டும்.

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சில ஆபத்துகள் வரத்தான் செய்யும். அப்போது "நான் ஏதோ சாப்பிடாமல் விட்டுவிட்டேன்" என்று எந்தப் பெண்ணும் தன்னை நொந்துகொள்ளக் கூடாது, யாரும் அவளைச் சொல்லிக்காட்டவும் கூடாது. அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வந்ததும் ஓடி வருவதுதான் முக்கியம். விடாத தலைவலி, கண் மங்கல், திடீரென முகமும் கையும் வீங்குவது, மேல்வயிற்றில் வலி, உதிரம் படுவது, நீர்க்குடம் உடைவது, பிள்ளை அசைவு குறைவது, வலிப்பு. இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசி தொலைவில்லை, விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் பையைத் திறந்து பாருங்கள். சிவப்பு மாத்திரை தீர்ந்திருந்தால் நாளைக்கே நர்சம்மாவிடம் வாங்குங்கள். தீராமல் கிடந்தால் இன்று ராத்திரியே தொடங்குங்கள். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள், எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.